காகிதத்தில் ஒரு கணிப்பொறி

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிப்பொறியைப் பற்றி நான் பேச வேண்டுமென்று நமது செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் குமாஸ்தாவாய்ச் சேர்ந்து, சம்பளப் பட்டியல் எழுதியே இருபது சொச்சம் ஆண்டுகளைக் கழித்தவன் நான். பொறியியல் பட்டம் பெற்றோர் பலர் அமர்ந்திருக்கும் இச்சபையில் நான் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் நான் கூறப்போவது கடையில் விற்கும் கணிப்பொறியைப் பற்றியதன்று. இக்காலனியின் பிள்ளைகள் பதினொருவரும் நானும் சேர்ந்து, இன்ஸ்டிட்யூட் மண்டபத்தின் பின்வராந்தாவில், மரப்பெட்டியும் சிலேட்டும் அட்டைத் துண்டுகளும் கொண்டு கட்டிய ஒன்றைப் பற்றியது. அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. அதற்கென்று ஒரு மொழி உண்டு, அம்மொழி தமிழ்.

இவ்வேலையில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

2018-ஆம் ஆண்டில் நான் வேறோர் அலுவலகத்தில் பில் குமாஸ்தாவாக இருந்தேன். ஊர் பேர் வேண்டாம். கேங்மேனாக வேலை பார்த்து மறைந்த ஒருவருடைய மனைவியார், குடும்ப ஓய்வூதிய நிலுவை கேட்டு வந்தார். யந்திரம் அச்சிட்டுத் தந்த தாளில் 12,480 ரூபாய் என்றிருந்தது. "லட்சத்துக்கு மேலே வரும்னு சொன்னாங்களே, தம்பி" என்றார் அவர். "அம்மா, இது நான் போட்ட கணக்கல்ல, கம்ப்யூட்டர் போட்டது. அது தப்புப் போடாது" என்று நான் சொன்னேன். அவர் சற்று நேரம் நின்றார். "அந்தப் பெட்டிக்கும் யாரோ ஒருத்தர் சொல்லித்தானே கொடுத்திருப்பாங்க, தம்பி? அவங்களைக் கேட்டுப் பாரேன்" என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்துச் சென்றார்.

நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இரவில் படுத்தால் அந்த அம்மாளின் முகம் வரும். பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது என்றால் என்ன? எந்த மொழியில் சொல்வது? அது எப்படிப் புரிந்துகொள்ளும்? பதினைந்து ஆண்டுகள் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தும் இவற்றில் ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியாது.

விடை தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒரு செய்தி கண்டேன். 1965-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஸ்டூவர்ட் மாட்னிக் என்பவர், மாணாக்கருக்குக் கணிப்பொறியின் உள்வேலையை விளக்குவதற்காக ஒரு கற்பனை செய்தார். ஓர் அறை, அதில் நூறு தபால் பெட்டிகள், ஒரு சிறு மனிதன், அவன் கையில் கூட்டிக் கழிக்க ஒரு கருவி. பெட்டியில் கிடக்கும் சீட்டை எடுத்து அதில் எழுதியுள்ளபடி செய்வதே அவன் தொழில். "சிறு மனிதக் கணிப்பொறி" என்றே அதற்குப் பெயர். மூன்றாண்டுகள் கழித்து, 1968-இல், பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் ஹேகல்பார்கர், சால் ஃபிங்கர்மன் என்னும் இருவர், பள்ளிப் பிள்ளைகளுக்காக அட்டையாலேயே ஒரு கணிப்பொறி செய்து கொடுத்தனர். அதற்குக் கார்டியாக் என்று பெயரிட்டனர். அதிலும் நூறு அறைகள், கட்டளைகள் பத்தே.

நூறு அறை என்று படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்குத் தெரியாத அறைகளா? பழைய டிக்கெட் கவுண்டர்களில் அட்டைச் சீட்டுகள் அடுக்கியிருந்த மர அலமாரி அதுவேயன்றோ! அலுவலகத்தில் கடிதம் பிரித்துப் போடும் பிஜன் ஹோல் அதுவேயன்றோ! இன்னொன்றையும் கேளுங்கள். 1936-இல் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேய இளைஞர், கணக்கிடுதல் என்பது யாது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய கணிப்பொறிக் கலைக்கு அது அடிப்படை. அந்நாளில் "கம்ப்யூட்டர்" என்ற சொல்லுக்குக் கணக்குப் போடும் மனிதர் என்பதே பொருள். பென்சிலும் கட்டம் போட்ட காகிதமுமாக உட்கார்ந்திருக்கும் அத்தகைய ஒருவரை மனத்தில் நிறுத்தித்தான் அவர் தம் யந்திரத்தைப் படைத்தார். ஆகவே முதல் கம்ப்யூட்டர் ஒரு குமாஸ்தாதான் என்று நான் சொன்னால், பொறியாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டினேன். தச்சரைக் கொண்டு வரிசைக்குப் பத்தாக நூறு அறைகள் உள்ள மரப்பெட்டி ஒன்று செய்துகொண்டோம். அறைகளுக்கு 00 முதல் 99 வரை எண். ஒவ்வோர் அறையிலும் ஓர் அட்டை. அட்டையில் மூன்றே கட்டம். எனவே 000 முதல் 999 வரை எந்த எண்ணையும் அதில் எழுதலாம். பெட்டிக்கு முன்னால் ஒரு சிலேட்டுப் பலகை. கணக்கெல்லாம் அதன்மேல்தான். பக்கத்தில் "அடுத்த அறை எது" என்று காட்டும் ஓர் எண்காட்டி. இவற்றோடு ஓர் ஏவலாள். அது பிள்ளைகளில் ஒருவர்.

ஏவலாளுக்குச் சொந்தப் புத்தி கூடாது என்பது சட்டம். எண்காட்டி காட்டும் அறைக்குப் போக வேண்டும். அட்டையைப் படிக்க வேண்டும். எண்காட்டியை ஒன்று கூட்டி வைக்க வேண்டும். பிறகு படித்ததைச் செய்ய வேண்டும். செய்து முடித்தால் மறுபடி எண்காட்டியைப் பார்க்க வேண்டும். அவ்வளவே.

மூன்று இலக்கத்தில் முதலாவது செயல். மற்ற இரண்டும் அறை எண். 1 என்றால் அந்த அறையிலுள்ள எண்ணைப் பலகையில் எழுது. 2 என்றால் பலகையில் உள்ளதை அந்த அறையில் இடு. 3 என்றால் பலகையில் உள்ளதோடு கூட்டு. 4 என்றால் கழி. 5 என்றால் அந்த அறைக்குத் தாவு, அதாவது எண்காட்டியைத் திருப்பி வை. 6 என்றால் பலகையில் சுழி இருந்தால் மட்டும் தாவு. 7 என்றால் வெளியே இருப்பவரிடம் ஓர் எண்ணைக் கேட்டு அறையில் வை. 8 என்றால் அறையிலுள்ள எண்ணை உரக்கச் சொல். 000 என்றால் நில்.

இதில் நுட்பமானது ஒன்றுண்டு. 350 என்ற அட்டை "50-ஆம் அறையிலுள்ளதைக் கூட்டு" என்ற கட்டளையா, அல்லது முந்நூற்றைம்பது ரூபாயா? அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏவலாள் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தான் என்பதைப் பொறுத்தது அது. கட்டளையும் கணக்கும் ஒரே அலமாரியில் ஒரே உருவில் இருப்பதுதான் இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றிற்குப் பொதுவான இலக்கணம். 1945-இல் ஜான் வான் நாய்மன் எழுதிய அறிக்கை இவ்வமைப்பை விளக்கியது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்தவரான ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டப்பெற்று 1960-இல் முழு உருவில் இயங்கத் தொடங்கிய டிப்ராக் யந்திரமும் இவ்வகையினதே. அதில் அறைகள் 2,048. ஓர் அறைக்கு நாற்பது இருமக் குறிகள். நமது மரப்பெட்டியைக் காட்டிலும் இருபது மடங்கு அறைகள்தாம் என்று சொல்லிப் பிள்ளைகள் பூரித்துப் போயினர்.

எங்கள் யந்திரத்தில் பெருக்கல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பயணச் சீட்டு 35 ரூபாய், நால்வருக்கு எவ்வளவு? நமக்கு ஒரு நொடி. யந்திரத்திற்கோ, நான்கு தடவை கூட்டு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நான்கு தடவை ஆயிற்றா என்று பார்த்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். 50-ஆம் அறை கட்டணம். 51 சீட்டு எண்ணிக்கை. 52 மொத்தம், தொடக்கத்தில் சுழி. 53-இல் 001 என்ற எண். 00-ஆம் அறையிலிருந்து வரிசையாக நாங்கள் வைத்த அட்டைகள் இவை:

750, 751, 151, 610, 453, 251, 152, 350, 252, 502, 852, 000.

முதல் இரண்டும் எண்களைக் கேட்டு வாங்குகின்றன. 02-ஆம் அறை சீட்டு எண்ணிக்கையைப் பலகையில் எழுதுகிறது. சுழியாகிவிட்டால் 10-ஆம் அறைக்குத் தாவு என்கிறது அடுத்தது. இல்லையேல் ஒன்று கழித்து வைத்துவிட்டு, மொத்தத்தோடு கட்டணத்தைக் கூட்டி வைத்து, மறுபடி 02-க்கே திரும்பு என்கின்றன மற்றவை. நான்கு சுற்று முடிந்ததும் சுழி வரும். 10-ஆம் அறை 140 என்று சொல்லும். 11-ஆம் அறை நிறுத்தும். மொத்தம் 38 அடிகள்.

முதல் நாள் 38 அடியில் அது நிற்கவில்லை. 53-ஆம் அறையில் 001 வைக்க மறந்துவிட்டோம். அது சுழியாகவே கிடந்தது. ஏவலாளாக இருந்த பையன் ஒவ்வொரு சுற்றிலும் நான்கிலிருந்து சுழியைக் கழித்தான். நான்கு நான்காகவே நின்றது. சொந்தப் புத்தி கூடாதென்ற சட்டத்தை அவன் மீறவில்லை. மொத்தம் 35, 70, 105 என்று ஏறிக்கொண்டே போயிற்று. மற்றப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சோர்ந்து, ஐஸ்கிரீம் வண்டி மணிக்கு ஓடியும் விட்டார்கள். இருபத்தெட்டாம் சுற்றில் 980 வந்தது. இருபத்தொன்பதாம் சுற்றில் 1015. அட்டையில் கட்டம் மூன்றுதான். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முன்னிருந்த ஒன்றை விட்டுவிட்டு 015 என்று எழுதி வைத்தான்.

அந்த 015-ஐப் பார்த்ததும் எனக்கு உடம்பு வியர்த்தது. கண்முன் 12,480 வந்து நின்றது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பழைய அலுவலகத்திற்குச் சென்று, அந்தக் கேங்மேனின் சேவைப் பதிவேட்டை வாங்கி, மாதம் மாதமாகக் கையால் கணக்கிட்டேன். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்றெண்பது. முன்னிருந்த ஒன்று உதிர்ந்து போயிருந்தது! அந்த நிலுவைப் பட்டியலை அச்சிடும் நிரலை யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்கிறார். ஒரு கேங்மேனின் குடும்பத்துக்கு லட்ச ரூபாய் நிலுவை வரும் என்று அன்று அவர் எண்ணவில்லை. தொகைக்கு ஐந்தே கட்டம் ஒதுக்கிவிட்டார். யந்திரம் தனக்குச் சொன்னதைச் செய்தது. கூட்டிப் பார்க்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை.

பெரிய பெரிய இடங்களிலும் இது நேர்ந்திருக்கிறது. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன் 5 ஏவுகலம் தன் முதற் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியது. 32,767-க்கு மேல் கொள்ளாத ஓர் அறையில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணிக்க முயன்றதே அதற்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. முந்தைய ஏரியன் 4-க்கு எழுதிய பகுதி அது. அதற்கு அவ்வறை போதுமாயிருந்தது.

நான் எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதங்கள் கோப்பு அலைந்தது. பிறகு மிச்சத் தொகை அந்த அம்மாளின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. தகவல் சொல்லத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "எனக்கு மட்டுமா, தம்பி, வேறே யாருக்காச்சுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் மற்றத் தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். இன்னும் இருவர் இருந்தனர்.

இனி மொழிக்கு வருகிறேன். 750, 751 என்று எண்களாக எழுதுவதில் பிள்ளைகள் ஓயாமல் தவறினர். நடுவில் ஓர் அட்டை சேர்த்தால் அதற்குக் கீழுள்ள எண்களெல்லாம் மாற வேண்டும். இத்தொல்லை முன்னோருக்கும் இருந்தது. 1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் யந்திரம் இயங்கத் தொடங்கியபோது, டேவிட் வீலர் என்பவர் 31 கட்டளைகளில் ஒரு சிறு நிரல் எழுதினார். கூட்டலுக்கு ஓர் எழுத்து, கழித்தலுக்கு ஓர் எழுத்து என்று மனிதர் எழுதியதை யந்திரத்தின் எண்ணாக மாற்றித் தருவதே அதன் வேலை. மனிதன் மொழிக்கும் யந்திர மொழிக்கும் நடுவே ஒரு துபாஷி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மொழிக்கு எந்தச் சொற்களை வைப்பது என்று வாதம் வந்தது. ஆங்கிலம் என்றனர் சிலர். ஹிந்தி என்றனர் சிலர். ஏனெனில் அவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியுமேயன்றிப் படிக்கத் தெரியாது. நமது ஞாயிறு வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பெருக்கல் நிரலில் சறுக்காத பெண் ஒருத்திதான், "மாமா, பாட்டி பேசுவது போலவே இருக்கட்டும்" என்றாள். அப்படியே முடிவாயிற்று.

முடிவான பிறகு ஓர் அதிசயம் கண்டோம். ஆங்கிலத்தில் கட்டளை முன்னே, பொருள் பின்னே. தமிழிலோ "சீட்டை எடு", "கட்டணத்தைக் கூட்டு" என்று வினை கடைசியில் வரும். எங்கள் நிரல் இவ்வாறு உருவெடுத்தது:

கட்டணம் கேள்
சீட்டு கேள்
திரும்ப: சீட்டு எடு
முடிவு சுழியெனில்தாவு
ஒன்று கழி
சீட்டு இடு
மொத்தம் எடு
கட்டணம் கூட்டு
மொத்தம் இடு
திரும்ப தாவு
முடிவு: மொத்தம் சொல்
நில்

துபாஷியாக இருப்பவர் இதை இருமுறை படிப்பார். முதல் முறை பெயர்ப் பதிவேடு எழுதுவார்: கட்டணம் 50, சீட்டு 51, மொத்தம் 52, ஒன்று 53, திரும்ப 02, முடிவு 10. இரண்டாம் முறை ஒவ்வொரு வரிக்கும் மூன்று இலக்கம் எழுதுவார். இருமுறை எதற்கென்றால், நான்காம் வரியில் "முடிவு" என்ற பெயர் வரும்போது அது எங்கே இருக்கிறதென்று அவருக்கு இன்னும் தெரியாது.

வினை கடைசியில் வருவதன் பயன் பெரிய கணக்குகளில் விளங்கிற்று. ஐந்தையும் மூன்றையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டுமானால், பள்ளிக் கணக்கில் அடைப்புக்குறி போட வேண்டும். இல்லையேல் 16 வர வேண்டிய இடத்தில் 11 வரும். எங்கள் மொழியில் "5 3 கூட்டு 2 பெருக்கு" என்றால் போதும். எண் வந்தால் மேசைமேல் அடுக்கு. வினை வந்தால் மேலிருக்கும் இரண்டை எடுத்துச் செய்து விடையை அடுக்கு. இதைப் பின்குறி முறை என்பர். போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் யான் லுகாசியேவிச் வினையை முன்னே வைத்து அடைப்புக்குறியின்றி எழுதும் முறையை வகுத்தார். அதைத் திருப்பிப் போட்டதே இது. ஃபோர்த் முதலான நிரல்மொழிகள் இதன்மேல் கட்டப்பட்டவை. கடைசியில் வைத்தது முதலில் வெளிவரும் இந்த அடுக்கு முறை நமது அலுவலக மேசைகளில் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பதும், அடியில் போன கோப்பு மேலே வராததும் சபையோர் அறிந்ததே.

எழுத்துப் பிழைக்கு எங்கள் துபாஷி இரங்குவதில்லை. ஒரு பையன் "சொல்" என்பதற்குச் "செல்" என்று எழுதிவிட்டான். பட்டியலில் இல்லை, "அறியேன்" என்று எழுதிய அட்டை திரும்பி வந்தது. வகுப்பில் இரண்டாண்டு சொல்லியும் பிடிபடாத ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் அன்றைக்குப் பிடிபட்டன. இதைத் தமிழ்க் கல்வி என்று நான் மார்தட்டவில்லை. ஒன்பது வினைச்சொற்களும் சில பெயர்களுந்தாம் அவர்கள் கற்றது. ஆனால் அந்தப் பையன் மதுரையில் இருக்கும் தன் பாட்டிக்குத் தானே தமிழில் கடிதம் எழுதினான். "பாட்டி, பணம் எடு. ரயில் ஏறு. இங்கே நில்" என்பது கடிதம் முழுவதும். "யாரடா எனக்கு உத்தரவு போடுகிறவன்?" என்று பாட்டியார் தொலைபேசியில் கேட்டாராம். கேட்டவர் அடுத்த மாதமே ரயிலேறி வந்தும் விட்டார்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் என் மகள் இந்த மரப்பெட்டியை அப்படியே மெய்யான கணிப்பொறிக்குள் எழுதிவிட்டாள். நூறு வரிக்கும் குறைவு. நூறு அறைகள், ஒரு பலகை, ஓர் எண்காட்டி, எல்லாம் அதற்குள்ளே எண்களாக இருக்கின்றன. மரமும் இல்லை, தொட முடியாது. ஆயினும் 35-ஐயும் 4-ஐயும் கொடுத்தால் 140 என்கிறது. யந்திரத்திற்குள் குடியிருக்கும் இத்தகைய யந்திரத்தை மெய்நிகர் யந்திரம் என்று இன்று வழங்குகின்றனர்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ரயில்வேக்காரனாக ஒரு விடை சொல்வேன். அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த நிலையங்களில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றிய காலம் மூத்தோருக்கு நினைவிருக்கும். 1676 மில்லிமீட்டருக்கும் 1000 மில்லிமீட்டருக்கும் இடையே எத்தனை தோள்கள் தேய்ந்தன! கணிப்பொறிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாதை. ஐந்து மொழிகளும் ஆறு வகை யந்திரங்களும் இருந்தால், முப்பது துபாஷிகள் வேண்டும். நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஒரு கற்பனை யந்திரத்தை வைத்துவிட்டால் ஐந்தும் ஆறும் பதினொன்று போதும். 1970-களில் சூரிக் நகரில் நிக்லாஸ் விர்த் குழுவினர் பாஸ்கல் மொழியை இவ்வழியில் பல யந்திரங்களுக்கும் பரப்பினர். 1995-இல் வெளிவந்த ஜாவாவும் இவ்வழியே சென்றது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதுவதற்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் மொழியும் உண்டு. எங்களுடையது அதன்முன் ஒரு விளையாட்டுப் பொம்மைதான்.

பொம்மைக்கு இன்னும் குறைகள் உண்டு. சுழிக்குக் கீழே கழித்தால் என்ன செய்வதென்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இரு கட்சிகளாகப் பிரிந்திருக்கிறோம். ஆனால் ஒரு மாற்றம் செய்துவிட்டோம். பலகையில் 999-க்கு மேல் போனால் முன்னிலக்கத்தை விடக் கூடாது. ஏவலாள் மணியடித்து நின்றுவிட வேண்டும். பழைய நிலையக் கைமணி ஒன்று அதற்கென்று தொங்குகிறது.

பெட்டி இன்ஸ்டிட்யூட்டின் பின்வராந்தாவில் இருக்கிறது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள்; பெரியோர்களும் வரலாம், ஏவலாளாக இருக்கச் சம்மதமானால். சிலேட்டுக் குச்சி தீர்ந்துபோயிற்று. வருபவர்கள் இரண்டு கொண்டு வந்தால் நல்லது.